பெயர் வாசிப்பு

ஒஸ்கார் ரொமேரோ கடைசியாக வைத்தது ஓர் ஆண்டுத் திவசப் பூசை. பேராலயமோ பெருங்கூட்டமோ கிடையாது. எல் சல்வடோரின் தலைநகர் சான் சல்வடோரில், புற்றுநோயாளர்களுக்காகக் கார்மேல் சபைக் கன்னியர் நடத்திய மருத்துவமனையின் சிறு கோவில் அது. 1980 மார்ச் 24, திங்கட்கிழமை மாலை. பத்திரிகை நடத்திய ஒரு குடும்பத்தின் தாயார் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பேராயர் பூசை வைப்பார் என்று இடமும் நேரமும் போட்டு அன்றைய பத்திரிகையில் அறிவித்தல் வந்திருந்தது. சுட வந்தவர்களுக்கு வேறு உளவு தேவைப்படவில்லை.

அப்படி ஓர் அறிவித்தல் எப்படி இருக்கும் என்று ஊகிக்கத் தமிழர் சிரமப்பட வேண்டியதில்லை. ரொறன்ரோவில் தமிழ்க் கடைகளில் இலவசமாக அடுக்கியிருக்கும் பத்திரிகைகளைப் புரட்டினால் பாதி அதுதான். ஓவல் வடிவத்தில் ஒரு படம், மலர்வு, உதிர்வு, கீழே பூசை நடக்கும் கோவிலும் நேரமும், மதிய போசனம் எந்த மண்டபத்தில் என்பதும்.

வெக்கைக்காகக் கோவில் கதவு திறந்திருந்தது. பேராயர் கோதுமை மணி நிலத்தில் விழுந்து மடிவதைப் பற்றிய நற்செய்திப் பகுதியை எடுத்துச் சுருக்கமாகப் பேசினார். பேசி முடித்து அப்பத்தையும் இரசத்தையும் ஒப்புக்கொடுக்கப் போகும் நேரம். வெளியே ஒரு சிவப்பு வொக்ஸ்வாகன் நின்றது. ஒரே ஒரு குண்டு.

அந்த மருத்துவமனை வளவுக்குள்தான் அவர் குடியிருந்தார். பேராயருக்குரிய மாளிகை வேண்டாம் என்று கோவில் பீடத்துக்குப் பின்னால் இருந்த அறையில் படுத்தெழும்பினார். 1977இல் அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்குக் கன்னியர்கள் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக் கையில் திறப்பைக் கொடுத்தார்கள். கட்டில், தட்டச்சு இயந்திரம், நாட்குறிப்பைப் பேசிப் பதிவதற்கு ஒரு ரேப் ரெக்கோடர், ஒரு தூங்குமஞ்சம். இன்றைக்கும் அவற்றை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

*

ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில் அவருடைய பெயரை நான் இரண்டு இடங்களில் கடந்து போகிறேன்.

ஒன்று ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி. முதலில் அது 'பேராயர் ரொமேரோ' பள்ளி. 2015இல் அவர் அருளாளரானதும் பெயரும் மாறியது. 2018 ஒக்ரோபர் 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தபின் 'புனித ஒஸ்கார் ரொமேரோ' ஆயிற்று. உரோமாபுரி முப்பத்தைந்து வருடம் தயங்கியதைப் பள்ளிக்கூடப் பலகையிலேயே படித்துவிடலாம். தயக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் விசித்திரமானது: வேதத்தின் மேலுள்ள வெறுப்பால் கொல்லப்பட்டவர்தான் வேதசாட்சி. ரொமேரோவைக் கொன்றவர்களோ ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர்கள். அப்படியானால் இது அரசியல் கொலைதானே என்று கேட்டவர்கள் மேலிடத்தில் இருந்தார்கள். வேதத்தைச் சொன்னதற்காகவே ஒருவரை வேதக்காரரே கொல்ல முடியும் என்பதை ஒத்துக்கொள்ளத் திருச்சபைக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

மற்றது புளோர் வீதி மேற்கில் உள்ள ரொமேரோ இல்லம். மேரி ஜோ லெடி என்ற கத்தோலிக்க எழுத்தாளர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. அகதிக் கோரிக்கை வைத்தவர்கள் அங்கே வாடகை கொடுத்துக் குடியிருக்கிறார்கள். படிப்பை முடித்த இளம் தொண்டர்கள் ஒரு வருடம் அதே வீடுகளில் அவர்களோடு தங்குகிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரியும் இந்தப் பக்கம் கோப்பும் என்ற ஏற்பாடு அங்கே இல்லை. பக்கத்து அறையில் யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது இருவருக்கும் தெரியும்.

எண்பதுகளில் இந்த நகரத்துக்கு அகதியாக வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். குடிவரவு வரிசையில் எங்கள் ஆட்களுக்கு முன்னால் ஒரு சல்வடோர்காரர், பின்னால் ஒரு கௌதமாலாக்காரர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இராணுவம் என்பதைக் கையால் காட்டினால் விளங்கிவிடும்.

*

ரொமேரோ எப்போதும் இராணுவத்தை எதிர்த்து நின்றவரல்ல. 1977 பெப்ரவரியில் பேராயராக அமர்த்தப்பட்டபோது செல்வர்கள் நிம்மதியடைந்தார்கள், முற்போக்கான குருக்கள் மனம் சோர்ந்தார்கள். பக்தியும் கூச்சமும் நிறைந்த மனிதர், சட்டம் ஒழுங்கு பார்ப்பவர். மூன்று வாரம்கூட முழுதாகப் போகவில்லை. மார்ச் 12 அன்று அவருடைய நண்பர் ருட்டிலியோ கிராண்டே என்ற யேசு சபைக் குரு, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பூசைக்குப் போகும் வழியில் சுடப்பட்டார். வாகனத்தில் கூட இருந்த கிழவர் மனுவேல் சொலோர்சானோவும் நெல்சன் ருட்டிலியோ லெமுஸ் என்ற பதினாறு வயதுப் பெடியனும் அவரோடு செத்தார்கள்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் ஒன்றில் மறைமாவட்டம் முழுவதும் பூசைகளை நிறுத்திப் பேராலயத்தில் ஒரே ஒரு பூசை என்று அறிவித்தார் ரொமேரோ. விசாரணை நடக்கும்வரை அரச விழாக்களுக்குப் போவதில்லை என்றும் முடிவெடுத்தார். இவை நடவடிக்கைகள். அவரைக் கொன்றது இவையல்ல என்று நினைக்கிறேன். அவரைக் கொன்றது ஞாயிற்றுப் பிரசங்கம்.

அந்தப் பிரசங்கங்கள் நீளமானவை. ஒரு மணி நேரம் சாதாரணம், ஒன்றரையும் போகும். (எங்கள் ஸ்காபரோவில் சுவாமி பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் சனம் கார் திறப்பைக் கிலுக்கத் தொடங்கிவிடும்.) முதற்பகுதி அன்றைய வாசகங்களுக்கு விளக்கம். பிற்பகுதி அந்த வாரம் நாட்டில் நடந்தது. இன்ன ஊரில், இன்ன நாளில், இன்னாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடித்தது தேசிய காவற்படை. தாய் இன்ன முகாமில் கேட்டார், இல்லை என்றார்கள். உடல் இன்ன வீதியோரம் கிடந்தது. பெயர், வயது, ஊர். மறைமாவட்டத்தின் சட்ட உதவி அலுவலகத்தில் வாரம் முழுவதும் தாய்மார் வந்து சொன்னதைப் பதிந்து, சரிபார்த்து, ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் நின்று வாசித்தார். வை.எஸ்.ஏ.எக்ஸ். என்ற மறைமாவட்ட வானொலி அதை நாடெங்கும் கொண்டுபோனது. தெருவில் நடந்து போகிறவருக்கு ஒரு சொல்லும் தப்பாது என்பார்கள், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அதே குரல் வரும். அரசாங்கப் பத்திரிகைகள் எழுதாத செய்தி அதில்தான் வந்தது. நிலையத்துக்குத் திரும்பத் திரும்பக் குண்டு வைத்தார்கள், அவர்களும் திரும்பத் திரும்பக் கட்டினார்கள்.

மார்ச் 23, தபசு காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அன்றைய பிரசங்கத்தின் முடிவில் அவர் சிப்பாய்களை நேராகக் கூப்பிட்டார். நீங்கள் கொல்வது உங்கள் சொந்தச் சனத்தையே, கொல்லச் சொல்லும் கட்டளைக்குக் கீழ்ப்படிய எவனுக்கும் கடமையில்லை, கடவுளின் பெயரால் நிறுத்துங்கள் என்ற பொருளில் பேசினார். உலகம் நினைவில் வைத்திருப்பது இந்தக் கடைசி நிமிடங்களைத்தான். எனக்கு அதற்கு முந்திய அரை மணி நேரம் முக்கியமாகப் படுகிறது. அந்த வாரம் செத்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுத்தான் அவர் அந்தக் கட்டளைக்கு வந்தார். பட்டியல் இல்லாமல் அந்தக் கட்டளை வெறும் ஆவேசமாகப் போயிருக்கும்.

*

பாரிசில் ஒரு பேராயரைப் பற்றியும் எழுதிவைக்க வேண்டும்.

1848 ஜூன். வேலையற்றவர்களுக்காகத் தொடங்கிய தேசியப் பட்டறைகளைக் குடியரசு மூடியதும் பாரிசின் கிழக்குப் பக்கத் தொழிலாளர்கள் தெருக்களை மறித்து அரண் கட்டினார்கள். ஜூன் 25, ஞாயிறு மாலை, பேராயர் தெனிஸ் ஒகுஸ்த் அஃபர், தளபதி கவன்யாக்கிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பஸ்தீல் சதுக்கத்துக்கு நடந்து போனார். முன்னால் ஒருவர் பச்சைக் கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார். சூடு கொஞ்சம் ஓய்ந்தது. பேராயர் அரண்மீது ஏறினார். மறுபடி வெடித்தது. முதுகில் பாய்ந்த குண்டோடு இரண்டு நாள் கிடந்து ஜூன் 27 அன்று இறந்தார். சுட்டது கிளர்ச்சிக்காரர் அல்லர் என்று அவரோடு போன குருவே எழுதிக்கொடுத்தார். சண்டை அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. அரசு வென்றது.

சாகும்போது தன் இரத்தமே கடைசியாகச் சிந்தும் இரத்தமாக இருக்கட்டும் என்று அவர் வேண்டியதாகச் சொல்வார்கள். அவருக்குப் பின் வந்த சிபூரை 1857இல் ஒரு குருவே கோவிலுக்குள் குத்திக் கொன்றார். 1871இல் தார்புவாவைப் பாரிஸ் கொம்யூன் பணயமாகப் பிடித்து, அரசு பண்டமாற்றுக்கு மறுத்தபின், மே 24 அன்று சிறைக்குள் சுட்டது. இருபத்துமூன்று வருடத்துக்குள் ஒரு நகரத்தின் மூன்று பேராயர்கள்.

மார்க் ட்வெய்ன் 1867இல் பாரிஸ் போனபோது நோத்ர தாம் பேராலயத்தில் அஃபரின் இரத்தம் தோய்ந்த அங்கியைக் காட்டினார்கள். செத்தபின் வார்த்த முகத்தையும், குண்டையும், அது தைத்த இரண்டு முள்ளந்தண்டு எலும்புகளையும்கூடக் காட்டினார்கள். இதை வாசித்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. அதே நான்கு நாட்களில் பாரிஸ் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் அல்ஜீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவருடைய பெயராவது எனக்குத் தெரியுமா? தெரியாது. பேராயரின் எலும்பு கண்ணாடிக்குள் இருக்கிறது. அஃபர் நல்ல மனிதர், துணிச்சல்காரர், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அவருடைய சாவு மற்றவர்களின் சாவை மூடிவிட்டது. பெரியவர் ஒருவர் விழுந்தால் அந்த இடத்தில் விழுந்த மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போவது வழமை. ரொமேரோ விழுந்தபோது நேர்மாறாக நடந்தது. அவர் பெயரைத் தொட்டால் இன்னும் நூறு பெயர்கள் கூடவே வருகின்றன. அவரே அதற்கு வழி செய்து வைத்திருந்தார். கிராண்டேயோடு செத்த கிழவரையும் பெடியனையும் "மேலும் இருவர்" என்று சொல்லிக் கடந்துவிடத் திருச்சபைக்கு நாற்பத்தைந்து வருடம் இருந்தது. 2022 ஜனவரி 22 அன்று மூன்று பேரையும் பெயர் சொல்லி ஒன்றாகவே அருளாளர்களாக்கியது.

*

ரொறன்ரோவுக்கும் ஓர் ஆயரின் சாவு உண்டு, ஆனால் குண்டால் அல்ல. முதல் ஆயர் மைக்கல் பவர், 1847இல் அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய அகதிகளைக் கவனிக்கப் போய் நச்சுக் காய்ச்சல் தொற்றி ஒக்ரோபர் 1 அன்று இறந்தார். கட்டி முடியாத புனித மைக்கல் பேராலயத்தின் அடியில் அவரை அடக்கினார்கள். பேராலயம் நிற்கும் பொன்ட் தெருவில் கொஞ்சத் தூரம் நடந்தால் 1837 கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய வில்லியம் லயன் மக்கென்சியின் வீடு. ஆயுதம் எடுத்தவரும் நோயாளியின் கட்டிலருகே நின்றவரும் இன்று ஒரே தெருவில் அயலவர்.

இருபதாயிரம் பேர் மட்டில் இருந்த நகரத்துக்கு அந்த ஒரே பருவத்தில் 38,000க்கு மேற்பட்டோர் வந்தார்கள். 1,100க்கு மேற்பட்டோர் செத்தார்கள். ஆயருக்குப் பேராலயம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, பெயர் இருந்தது. செத்த அகதிகளுக்கு 2007வரை ஒன்றுமில்லை. அந்த ஆண்டுதான் ஏரிக்கரையில் அயர்லாந்துப் பூங்கா திறந்தார்கள். ஆராய்ச்சிக்காரர் பதிவேடுகளைக் கிளறி அப்போது கண்டுபிடித்த 675 பெயர்களை அயர்லாந்திலிருந்து கொண்டுவந்த கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முகப்பில் அல்ல, கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இடுக்கின் உட்பக்கத்தில். தலையை உள்ளே நீட்டித்தான் வாசிக்க வேண்டும். ஏரிக்காற்று அந்த இடுக்கு வழியாக முகத்தில் அடிக்கும். குளிரில் இரண்டு பெயருக்கு மேல் வாசிக்க முடியாது.

*

எங்களிடம் கொல்லப்பட்ட பேராயர் இல்லை. கொல்லப்பட்ட குருக்கள் இருக்கிறார்கள்.

ரொமேரோவுக்கு மிக அண்மையில் வருகிறவர் தமிழரல்ல. மைக்கல் ரொட்ரிகோ, அமலமரித் தியாகிகள் சபைக் குரு, சிங்களவர், பெரிய படிப்பாளி. குருமடத்துப் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு 1980இல் மொனராகலை மாவட்டத்தின் புத்தலவுக்குப் போனார். பௌத்த விவசாயிகளுக்கு நடுவே ஒரு குடிசை. யாரையும் மதம் மாற்றவில்லை. கரும்புக் கம்பனிகளிடம் காணி இழந்தவர்களின் பக்கம் நின்றார். ஜே.வி.பி.யின் இரண்டாம் கிளர்ச்சி மூண்டு, இரவில் ஒரு பக்கமும் பகலில் மறுபக்கமும் வந்து போன காலம் அது. 1987 நவம்பர் 10 அன்று மாலைப் பூசை வைத்துக்கொண்டிருந்தவரை வெளியிலிருந்து சுட்டார்கள். ரொமேரோவைப் போலவே பீடத்தில். அவருடைய கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. தமிழ்க் கத்தோலிக்கரில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்?

எங்களுடையவர்களைச் சொல்வதானால் மன்னாரில் தொடங்க வேண்டும். 1985 ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாள் விடியற்காலை, வங்காலைப் பங்கில் மேரி பஸ்ரியன் அடிகளார். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. 2006 ஓகஸ்ட் 20, அல்லைப்பிட்டி பங்குத்தந்தை நிகால் ஜிம் பிறவுன், கூடச் சென்ற விமலதாஸ். அதற்கு ஒரு கிழமைக்கு முன் அந்தக் கோவிலுக்குள் எறிகணை விழுந்து தஞ்சமிருந்த சனம் செத்தது, காயப்பட்டவர்களை வெளியே கொண்டுபோக வேண்டிக் கடற்படையிடம் மன்றாடியவர் அவர். கடற்படைச் சாவடியருகே கண்டதுதான் கடைசி. 2008 ஏப்ரல் 20, ஞாயிறு, வவுனிக்குளத்தில் பூசை முடித்துத் திரும்பிய கருணாரட்ணம் அடிகளார், கிளைமோர். அவர் நடத்திய மனித உரிமை அமைப்பின் வேலையும் பட்டியல் எடுப்பதுதான்.

2009 மே 10, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை ரொறன்ரோத் தமிழர் பிள்ளைத் தள்ளுவண்டிகளோடு கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி அதை மறித்தார்கள். அன்னையர் தினம். நகரத்தார் அதை இன்னும் மறக்கவில்லை, எத்தனை மணி நேரம் காருக்குள் இருந்தோம் என்று சொல்வார்கள். அதே நாளின் திகதியிட்டு வன்னிக்குள் இருந்து ஒரு கடிதம் திருத்தந்தை பெனடிக்ற்றுக்கு எழுதப்பட்டது. எழுதியவர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். எட்டு நாளுக்குப் பிறகு, சரணடைந்தவர்களோடு இராணுவத்தின் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. அவரிடம் படித்த பலர் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். பாதர் ஆங்கிலம் படிப்பித்த விதத்தை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள், பிறகு பேச்சை மாற்றுவார்கள்.

*

2010 டிசம்பர் 21 அன்று ஐ.நா. பொதுச்சபை மார்ச் 24ஐ உண்மையை அறியும் உரிமைக்கான அனைத்துலக நாளாக அறிவித்தது. ரொமேரோ சுடப்பட்ட நாளைத் தெரிந்தே தேர்ந்தார்கள். அதிலிருந்து மூன்று கிழமைக்குள், 2011 ஜனவரி 8 அன்று, மன்னாரில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் ஆயர் இராயப்பு ஜோசப் போய் அமர்ந்தார். அவர் செய்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்தவர்கள் கச்சேரிக் கணக்கின்படி 4,29,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. மிச்சம் 1,46,679. முதல் இலக்கம் அரசாங்கத்தினுடையது, இரண்டாவது ஐ.நா.வினுடையது. ஆயர் போட்டது நடுவிலுள்ள கழித்தல் குறி மட்டும்.

இத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. கணக்கில் காணவில்லை, விளக்கம் தாருங்கள் என்றார். இங்கே ரொறன்ரோ மேடைகளில் அந்த இலக்கத்தைச் செத்தவர் தொகையாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அது ஆயரின் கேள்வியைக் கெடுக்கிறது. பதில் தெரிந்ததுபோல நாங்களே கத்தினால், பதில் சொல்ல வேண்டியவனுக்கு வேலை மிச்சம். கேள்வியாக இருந்தபோதுதான் அது கொழும்பை உறுத்தியது. அடுத்த வருடம் குற்றப்புலனாய்வுப் பிரிவு மன்னாருக்குப் போய் அவரை விசாரித்தது அந்தக் கழித்தல் குறிக்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

இராயப்பு ஆண்டகை 2021 ஏப்ரல் 1 அன்று, பெரிய வியாழனன்று, இயற்கையாக இறந்தார். நெடுந்தீவில் பிறந்தவர்.

*

ரொமேரோவைப் பற்றி எழுதும் எங்கள் ஆட்கள் விட்டுவிடும் ஒரு கிழமை உண்டு. 1977 மே. இடதுசாரிக் கெரில்லாக்கள் கடத்திய வெளிநாட்டமைச்சர் மொரிசியோ போர்கோனோவோவின் உடல் கிடைத்தது. மே 11 அன்று அவருடைய அடக்கப் பூசையை வைத்தவர் ரொமேரோ. அதே நாளில், பழிக்குப் பழியாக, வலதுசாரிக் கொலைக்குழு அல்போன்சோ நவாரோ என்ற குருவை அவருடைய பங்கு வீட்டுக்குள் சுட்டது. ஓர் அடக்கத்திலிருந்து அடுத்த அடக்கத்துக்குப் போனார் பேராயர். அவர் நடுநிலைக்காரர் அல்லர். யார் அதிகம் கொல்கிறார்கள், யார் கையில் அரசு இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு மயக்கமும் இருக்கவில்லை. ஆனால் பட்டியலில் அமைச்சருடைய பெயருக்கும் இடம் இருந்தது.

எங்கள் பட்டியலில் மட்டக்களப்பு சந்திரா பெர்னாண்டோ அடிகளாருக்கு இடம் உண்டா? பிரஜைகள் குழுவின் தலைவர், 1988 ஜூன் 6 அன்று மரியாள் ஆலயத்தில் சுடப்பட்டவர். சுட்டது தமிழ் ஆயுதக் குழுவொன்று என்பதுதான் அன்றிலிருந்து அங்கே சொல்லப்படுவது. யாழ்ப்பாண மருத்துவபீடத்து ராஜினி திராணகம, 1989 செப்ரெம்பர் 21? எல்லாத் தரப்பின் கொலைகளையும் பதிந்தவர், படிப்பித்துவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டவர். 1990 ஒக்ரோபரில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம் குடும்பங்கள்? இந்த நகரத்தில் எங்களைச் சுட யாருமில்லை. வானொலியைக் குண்டு வைத்துத் தகர்க்க யாருமில்லை. இருந்தும் நாங்கள் பாதியைத்தான் வாசிக்கிறோம். சல்வடோரில் துணிச்சல் தேவைப்பட்ட வேலைக்கு இங்கே ஒரு மைக் போதும், அதைக்கூடச் செய்யவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

அரசு கொன்றதையும் எங்கள் தரப்பு கொன்றதையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே தட்டில் வைக்கச் சொல்லவில்லை. இறந்தவர் பெயரைச் சொல்லத் தராசு எதற்கு?

*

நவம்பர், மரித்த ஆன்மாக்களின் மாதம். கோவில் வாசலில் உறைகள் அடுக்கியிருக்கும். உறையின் மேல் கோடுகள், கோட்டில் பெயர் எழுதி, உள்ளே காணிக்கை வைத்துக் கொடுக்க வேண்டும். உறைகளை ஒரு பெட்டியில் போட்டுப் பீடத்தடியில் மாதம் முழுவதும் வைத்திருப்பார்கள்.

எங்களுடைய மரண அறிவித்தலைப் போலவே இதுவும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் ஆருயிர்ச் சகோதரன் என்று எல்லா உறவும் வரும், எப்படிச் செத்தார் என்பது வராது. உறையில் உறவுகூட இல்லை. அதில் ஒரு நன்மை உண்டு. யார் கொன்றது என்று கோடு கேட்பதில்லை. அதனால் இயக்கத்தால் கொல்லப்பட்ட தம்பியின் பெயரை ஓர் அக்கா இங்கே அச்சமில்லாமல் எழுதலாம். பெட்டிக்குள் எல்லோரும் கலந்து கிடப்பார்கள். ரொமேரோவுக்கு இது போதாது என்றுதான் படுகிறது. அவர் நாளையும் ஊரையும் பிடித்தவனின் சீருடையையும் சேர்த்தல்லவா வாசித்தார்.

போன நவம்பரில் என் உறையில் பெயருக்குக் கீழே ஊரும் ஆண்டும் எழுதினேன். உறைகளைச் சேர்க்கும் அண்ணை கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, பேர் மட்டும் எழுதினாக் காணும்."

"ஆண்டவருக்குத் தெரியும் அண்ணை. சனத்துக்குத் தெரிய வேணுமெண்டு எழுதினன்."

"சனத்துக்கு ஆர் வாசிக்கப் போகினம்?"

"வாசிக்கலாம்தானே. ஞாயிற்றுக்கிழமைக்குக் கொஞ்சமா."

அவர் பெட்டியைப் பார்த்தார், நிறைந்திருந்தது. பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். எங்கள் பூசைக்குப் பிறகு அதே கோவிலில் பிலிப்பினோக்காரருக்குப் பூசை.

"இவ்வளவையும் வாசிக்க வெளிக்கிட்டா அந்தச் சனம் குளிருக்க வெளியில எல்லோ நிக்கவேணும்" என்றார்.

"உள்ளுக்க வரச் சொல்லுவம் அண்ணை. அவைக்கும் பேர் இருக்கும்."

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. உறையைத் திருப்பித் தரவும் இல்லை.